விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு

"அண்ணே, கம்ப்யூட்டர் ஓன் ஆவ மாட்டேங்குது."

போனில் இப்படி ஒரு குரல் வந்தால் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான். "பட்டன அமுக்குனா என்ன நடக்குது? கண்ணால பார்த்தத மட்டும் சொல்லு தம்பி." பாதிப் பேர் அதைச் சொல்ல மாட்டார்கள். போர்டு செத்துப் போச்சு, சிபியூ எரிஞ்சு போச்சு, கடைக்காரன் பழசத் தலையில கட்டிட்டான் என்று தீர்ப்பைத்தான் சொல்வார்கள். முதன்முதலாகச் சொந்தக் கையால் கம்ப்யூட்டர் பூட்டியவருக்கு அந்தப் பதற்றம் வருவது இயல்பு. மாதக்கணக்கில் சேர்த்த வெள்ளி அத்தனையும் சாப்பாட்டு மேசையில் கம்பியும் தகரமுமாகக் கிடக்கிறது. வீட்டில் அம்மா வேறு எட்டி எட்டிப் பார்க்கிறார். ஆனாலும் சொல்கிறேன், புதுச் சாமான் பழுதாகவே வந்து சேர்வது குறைவு. என் மேசைக்கு வரும் 'செத்த' கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை ஒரு கம்பி சரியாக உட்காராமல் கிடப்பவைதான்.

ஸ்கூடாய்ப் பக்கம் இந்த வேலையைச் செய்து பிழைக்கிறவன் நான். ஜொகூர் பாருவில் ஒரு சீனத் தவுக்கேயின் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பெட்டி தூக்கி, தரை கூட்டி, பிறகு திருப்புளி பிடித்தவன். சுவரில் மாட்ட சான்றிதழ் எதுவும் கிடையாது. தன் கையால் ஒன்றைப் பூட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதெல்லாம் கை கற்றது மட்டும்தான்.

ஓன் ஆகவில்லை என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் மூன்று நோய்கள் இருக்கின்றன. பட்டனை அமுக்கினால் ஒன்றுமே அசையாமல் கிடப்பது ஒன்று. விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுவது, சில சமயம் தானாகவே மறுபடி முயன்று மறுபடி நிற்பது, இன்னொன்று. விசிறியெல்லாம் அழகாகச் சுற்றி, வண்ண விளக்கெல்லாம் எரிந்து, திரை மட்டும் இருட்டாக இருப்பது மூன்றாவது. முதலாவதற்கு மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு எங்கோ ஷார்ட் ஆகிறதா என்று தேட வேண்டும். மூன்றாவது வந்தால் ரேம், திரைக் கம்பி, கிராஃபிக் கார்டு என்று போக வேண்டும். எந்த நோய் என்று தெரியாமல் கழற்ற ஆரம்பித்தால் இரவு முழுக்கக் கழற்றலாம்.

எங்கள் தவுக்கேக்குப் பேச்சு குறைவு. என்னிடம் மலாயில்தான் பேசுவார். செத்த மெஷின் ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பட்டனை அமுக்கச் சொல்லி எங்களில் ஒருவனை நிறுத்திவிட்டு, குனிந்து காதைக் கொடுப்பார். பவர் சப்ளைக்குள் 'டிக்' என்று ஒலி கேட்கிறதா, எந்த விசிறி முதலில் அசைகிறது, பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் என்ன கூவுகிறது. அந்தக் காலத்து அவார்டு பயாஸில் ஒரு நீளக் கூவலும் இரண்டு குட்டையும் வந்தால் திரை அட்டையில் கோளாறு என்று அர்த்தம். அவர் நிமிர்வதற்குள் அட்டையைக் கழற்றத் தயாராக நான் நிற்பேன். பிறகு மூக்கு. 2000-களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்பு நீர் கசிந்து கெட்டன. அதற்கென்று ஒரு வாடை உண்டு. கேசிங் மூடியைத் திறந்ததுமே அவர் முகம் மாறும். கடைசியாகத்தான் கைக்கு வேலை.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு சமயத்தில் ஒரு மாற்றம். என் வலது கையில் ரேம், இடது கையில் கிராஃபிக் கார்டு இருப்பதைப் பார்த்துவிட்டால் ஒன்றைப் பிடுங்கி மேசையில் வைத்துவிடுவார். "பெலான்-பெலான்" என்பார், மெதுவாக என்று. இரண்டையும் சேர்த்து மாற்றி மெஷின் எழுந்துவிட்டால் எதனால் எழுந்தது என்று தெரியாது. வாடிக்கையாளரிடம் எந்தச் சாமானுக்குக் காசு வாங்குவது? நல்ல சாமானைக் குப்பையில் போட்டுக் கெட்டதை அலமாரியில் வைத்துவிட்டால், அடுத்த வாரம் அது இன்னொருவர் வீட்டுக்குப் போகும். கடைக்காரருக்குக் காசுக் கணக்காகத் தெரிந்தது எனக்குத் தொழில் முறையாக வந்து சேர்ந்தது.

முதல் நோயிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றுமே அசையவில்லை என்றால் பெட்டியைத் திறக்காதீர்கள். சுவர்ச் சுவிட்ச் போட்டிருக்கிறதா? நம் நாட்டு மூன்று கால் பிளக்கினுள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அது நல்லதா? பவர் சப்ளையின் பின்புறத்தில் ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. கோடு பக்கம் அமுங்கியிருந்தால் ஓன், வட்டம் பக்கம் என்றால் ஓஃப். படித்தவர், பெரிய சம்பளக்காரர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரையும் அந்தச் சுவிட்ச் ஏமாற்றியிருக்கிறது. பழைய பவர் சப்ளை வாங்கினால் பின்னால் 115, 230 என்று சிவப்பு நகர்த்தி ஒன்று இருக்கும். நம் வீட்டு மின்சாரத்துக்கு 230-இல்தான் இருக்க வேண்டும். 115-இல் விட்டுச் சுவிட்சைப் போட்டால் சத்தமும் புகையும் வரும். அதற்குப் பிறகு என்னை அழைப்பதில் பயனில்லை.

அடுத்தது கேசிங்கின் முன்பட்டனிலிருந்து வரும் ஒல்லிக் கம்பிகள். மதர்போர்டின் கீழ்மூலையில், வலப்பக்கமாக, ஒன்பது ஊசிகள் இரண்டு வரிசையாக நிற்கும். பட்டன், ரீசெட், விளக்கு எல்லாம் அங்கேதான். எழுத்து எறும்பு அளவு. விளக்குக் கம்பியை மாற்றிச் செருகினால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். பட்டன் கம்பியைத் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும், அது வெறும் தொடுப்பு. ஆனால் ஓர் ஊசி தள்ளிச் செருகிவிட்டால் பட்டன் செத்ததுபோல் இருக்கும். சந்தேகம் வந்தால் கம்பியை முழுக்க உருவிவிட்டு, பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு ஊசியையும் திருப்புளி முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். மெஷின் எழுந்தால் குற்றம் பட்டனில். அப்படியானால் ரீசெட் கம்பியை எடுத்துப் பவர் ஊசியில் மாட்டிவிடலாம், ரீசெட் பட்டனே பவர் பட்டனாக ஆயுள் முழுக்க வேலை செய்யும். எதிர்மாறாக, ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு அமுங்கியே கிடந்தால் விசிறி சுற்றும், திரை மட்டும் வரவே வராது. மலிவான கேசிங்கில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

பட்டனும் நல்லது என்றால் பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, 24 குழிப் பெரிய செருகியை போர்டிலிருந்து கழற்றிக் கையில் எடுங்கள். பழைய பவர் சப்ளையில் பச்சைக் கம்பி ஒன்றே ஒன்று இருக்கும், அதையும் பக்கத்துக் கறுப்பையும் வளைத்த காகித கிளிப்பால் சேர்த்தால் போதும். இப்போது வருவதில் எல்லாக் கம்பியும் கறுப்பு. கவலை வேண்டாம். ஒரு வரிசையில் ஒரு குழி மட்டும் கம்பியில்லாமல் வெறுமையாக இருக்கும். அது 20. அதிலிருந்து வரிசையின் நீளமான பக்கமாக 19, 18, 17 என்று எண்ணிக்கொண்டு போனால் அடுத்தது 16. பச்சைக்குரிய இடம் அதுதான். அதன் இருபுறமும் தரைக் கம்பி என்பதால் எந்தப் பக்கத்துடன் சேர்த்தாலும் சரி. கிளிப்பை மாட்டி முடித்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். விசிறி சுற்றினால் பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. சுமை இல்லாதபோது விசிறியைச் சுற்றவிடாத வகையும் இப்போது வருகிறது, அதற்கு மல்டிமீட்டர் வேண்டும். மஞ்சளுக்குரிய 12 வோல்ட் குழியில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்ட வேண்டும். உயிர் இருக்கிறது என்பதற்கும் வலு இருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள். கிளிப்பில் சுற்றிவிட்டு, சுமை ஏறியதும் விழும் பவர் சப்ளைகளும் உண்டு.

பவர் சப்ளையின் தகரப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்கு நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். தவுக்கே தன் கடையில் அதை யாரையும் தொடவிட்டதில்லை. நானும் விடுவதில்லை.

இனி இரண்டாவது நோய். மாசாயிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். மகள் எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். இருவரும் சேர்ந்து பூட்டியிருக்கிறார்கள், விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. அப்பா அதற்குள் பவர் சப்ளையை மாற்றிவிட்டார், பிறகு போர்டையும் மாற்றிவிட்டார். அப்படியும் அதே அரைச் சுற்று.

"அண்ணே, இந்தப் பிள்ள சொன்னிச்சு, நாந்தான் கேக்கல," என்றார்.

"என்னம்மா சொன்ன?"

"வெளிய எடுத்து வச்சிப் பாப்போம்னு சொன்னேன் அங்கிள்."

அவளையே செய்யச் சொன்னேன். போர்டு வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் போர்டை வைத்தாள். சிபியூ, அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், இரண்டு மின்கம்பிகள், அவ்வளவுதான் மாட்டினாள். திருப்புளியால் ஊசியைத் தொட்டாள். விசிறி நிற்காமல் சுற்றியது, திரையில் பயாஸ் எழுத்து வந்தது. அப்பா கடை வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். குற்றம் கேசிங்கில் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவள் வெறும் கேசிங்கில் தலையை விட்டுப் பார்த்து, போர்டு உட்காரும் பித்தளைத் தூண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, போர்டின் துளைகளோடு ஒப்பிட்டாள். பெரிய போர்டுக்கென்று கடையிலேயே திருகி வைத்த தூண் ஒன்று, இவர்களுடைய சின்ன போர்டில் துளையே இல்லாத இடத்தில், அடிப்புறத்து ஈயப் பொட்டுகளை முட்டிக்கொண்டு நின்றது. கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் அன்றைக்குச் செய்ததெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்ததுதான். நல்ல கை அந்தப் பெண்ணுக்கு.

அவள் செய்ததுதான் இந்தத் தொழிலின் மையம். எழாத மெஷினோடு எதையாவது சேர்த்துச் சேர்த்துப் பார்க்கிறவன் தோற்பான். எழுவதற்கு எது எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுங்கள். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், யூஎஸ்பி வேண்டாம், வண்ண விளக்கு வேண்டவே வேண்டாம், சிபியூவுக்குள் கிராஃபிக் இருந்தால் கார்டும் வேண்டாம். அது எழுந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒவ்வொரு முறையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சேர்த்து, மறுபடி எழுப்பிப் பாருங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அட்டைப் பெட்டியின் மேல் வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. போர்டைச் சுற்றி வரும் சாம்பல் நிறப் பையின் வெளிப்புறம் சில வகையில் மின்சாரம் கடத்தும். அதன்மேல் வைத்து எழுப்பாதீர்கள்.

சிபியூவுக்கென்று தனி மின்கம்பி ஒன்று உண்டு. போர்டின் மேல்மூலையில் 8 குழி. அதை மாட்ட மறப்பவர்கள் நிறைய, ஏனென்றால் கேசிங்குக்குள் பூட்டிய பிறகு அந்த மூலைக்குக் கை நுழையாது. மாட்டாவிட்டால் சில போர்டுகள் உடனே நின்றுவிடும், சில விசிறியைச் சுற்றவிட்டு நம்மை அலைக்கழிக்கும். கிராஃபிக் கார்டுக்கு வரும் 8 குழியும் பார்வைக்கு அதேபோல் இருக்கும். சிபியூவுடையது நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் தரையும் இடம் மாறியிருக்கும். போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது போகக்கூடாத இடம்.

கம்பியைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். பவர் சப்ளையில் கழற்றி மாட்டும் கம்பி வகை இருக்கிறதே, அதன் ஒரு முனை எல்லாருக்கும் பொது. பவர் சப்ளைப் பக்கத்து முனை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். பழைய கம்பி நீளமாக இருக்கிறதே என்று புதுப் பவர் சப்ளையில் மாட்டினால் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், டிஸ்க்கும் அதில் இருந்த கல்யாணப் படமும் போகும். இதற்கு வைத்தியம் இல்லை. பவர் சப்ளையை மாற்றினால் கம்பியையும் சேர்த்து மாற்றுங்கள்.

மூன்றாவது நோய்தான் பொறுமையைச் சோதிக்கும். விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. முதலில் திரைக் கம்பி எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கிராஃபிக் கார்டு போட்டிருந்தால் கம்பியைக் கார்டில்தான் செருக வேண்டும், போர்டில் அல்ல. கார்டே இல்லை என்றால் அது வேறு கதை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, காஸ்வேயும் அடைபட்டு, சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயருக்குப் போய் சாமான் வாங்கும் வழியும் போன சமயம். கூடவே கிராஃபிக் கார்டுக்குப் பஞ்சம், விலை வானத்துக்கு ஏறியது. தாமான் யுனிவர்சிட்டியில் தங்கிப் படித்த ஒரு மாணவன், கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று மற்றதையெல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டான். இருட்டு. ரேமை மாற்றினான், போர்டை மாற்றித் தரச் சொல்லிக் கடையில் சண்டையே போட்டுவிட்டான். அவன் வாங்கிய இன்டெல் சிபியூவின் எண்ணுக்குப் பின்னால் ஓர் 'எஃப்' இருந்தது. அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக் கிடையாது. என்னிடம் இருந்த பழைய கார்டு ஒன்றைச் செருகினேன், எழுத்து வந்தது. ஏஎம்டி ரைசனிலும் இப்படித்தான், 5000 வரிசை வரை பின்னால் 'ஜி' இருந்தால்தான் திரைக்கு வழி. இந்த எழுத்தைப் பார்ப்பது சாமான் வாங்குவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

பிறகு ரேம். நான்கு குழி இருக்கும் போர்டில் இரண்டு துண்டு போட்டால் சிபியூவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஒரு துண்டு என்றால் இரண்டாவது. ஒரு பக்கம் மட்டும் கொக்கி இருக்கும் போர்டுகள்தான் ஆபத்து, கொக்கி இல்லாத முனை பார்ப்பதற்கு உட்கார்ந்ததுபோலவே இருக்கும். இரண்டு கட்டை விரலாலும் இரண்டு முனையையும் அழுத்துங்கள். போர்டு கொஞ்சம் வளையும், பயம் வரும், பரவாயில்லை. 'டக்' என்ற ஒலி காதில் விழ வேண்டும். பழைய ரேமாக இருந்தால் அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டுப் போடுங்கள். கூலாய் தாண்டிச் செடெனாக்கில் இன்று பெரிய பெரிய தரவு மையங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அங்கேயும் ஒரு சர்வர் எழாவிட்டால் ரேமைப் பிடுங்கித் திரும்பக் குத்திப் பார்ப்பதும் ஒரு வைத்தியம். வித்தை ஒன்றுதான், சம்பளம்தான் வேறு.

டிடிஆர்5 வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். முதல்முறை எழும்போது போர்டு ரேமோடு பழகிப் பார்க்கும். வேகம், நேர இடைவெளி எல்லாவற்றையும் தானே அளந்துகொள்ளும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். 2022-இல் ஏஎம்5 வந்த புதிதில் இது பல நிமிடம் பிடித்தது, சில போர்டுகளில் ரேம் குழியின் மேலேயே இத்தனை ஜிபிக்கு இத்தனை நொடி என்று தாள் ஒட்டி அனுப்பினார்கள். நம் ஆட்கள் அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஓர் இரவு முழுக்க இப்படி அணைத்து அணைத்துப் போட்ட ஒரு வாடிக்கையாளரிடம், எழுப்பிவிட்டு மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரே குடித்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது திரை எரிந்துகொண்டிருந்தது. அவரிடம் காசு வாங்க மனம் வரவில்லை.

இப்போதைய போர்டுகளின் வலது ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன: சிபியூ, டிராம், விஜிஏ, பூட். ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எது அணையாமல் நிற்கிறதோ அங்கே போய்த் தேடுங்கள். தவுக்கே காதால் செய்ததை இவை கண்ணுக்குக் காட்டிவிடுகின்றன. பூட் விளக்கு நின்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இன்னும் விண்டோஸ் போடவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

சிபியூ விளக்கு நின்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, போர்டு பழைய பயாஸோடு கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். 2019-இல் ரைசன் 3000 வந்தபோது பி450 போர்டு வாங்கியவர்கள் இப்படி மாட்டிக்கொண்டார்கள். போர்டுக்குத் தெரியாத சிபியூவை அது எழுப்பாது. பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கும் போர்டாக வாங்கியிருந்தால் சிபியூவே இல்லாமல் யூஎஸ்பி விரலி ஒன்றால் புதுப்பித்துவிடலாம்.

இன்னொன்று, சாக்கெட்டில் வளைந்த ஊசி. இங்கேதான் கைக்கு மரியாதை. முன்பு ஊசி சிபியூவின் அடியில் இருந்தது. இன்டெல் 2004-இல் அதைப் போர்டுக்கு மாற்றியது, ஏஎம்டி சாதாரண வீட்டு மெஷின்களில் 2022-இல். இப்போதைய சாக்கெட்டில் 1700 அல்லது அதற்கும் மேல் இருக்கும், ஒவ்வொன்றும் மயிரிழை போன்ற வளைந்த தகடு. சிபியூ கையிலிருந்து நழுவி அதன் மூலை ஒருமுறை பட்டால் போதும். தவுக்கே குழாய் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சாக்கெட்டின் ஓரத்தில் படுக்கவைப்பார். சாய்ந்த வெளிச்சத்தில் எல்லா ஊசி முனையும் ஒரே கோட்டில் மின்னும். போர்டை மெல்லத் திருப்பிக்கொண்டே போவார். எந்த இடத்தில் மின்னல் வரிசை உடைகிறதோ அங்கே நகத்தால் காற்றில் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவார், தொட மாட்டார். பிறகு தையல் ஊசி. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, வளைந்ததைத் தூக்காமல், வளைந்த திசைக்கு எதிராக ஒரே ஒரு தள்ளல். நிறுத்திவிட்டுப் பார்ப்பார். போதாது என்றால் இன்னொன்று. அதிகமாகத் தள்ளிவிட்டால் திரும்பக் கொண்டுவரும்போது முறிந்துவிடும். ஓர் ஊசிக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நான் இன்று கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறேன், மற்றபடி தையல் ஊசியும் இழுத்த மூச்சும் அவர் கொடுத்தவைதான்.

பழைய பென்டியம் ஒன்றைக் கையில் கொடுத்து அதன் தலையில் பொறித்திருந்த 'மலாய்' என்ற எழுத்தை அவர் காட்டியது நினைவிருக்கிறது. இன்டெல் 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொடங்கிய ஆலையில் முடித்து அனுப்பியது. நம் ஜொகூரிலேயே மூவாரில் 1974 முதல் சில்லு ஆலை இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துச் செய்தது, ஓரத்தைப் பிடி, வயிற்றைத் தொடாதே என்றார் தவுக்கே.

சாக்கெட்டின் மேல் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். போர்டைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் சாக்கெட்டை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஊசியோடு போனது என்பதற்கு அதுதான் சாட்சி.

நம் ஊர்ச் சீதோஷ்ணத்துக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. மத்தியானம் இடி இறங்கினால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, மோடத்திலிருந்து வரும் நெட்வொர்க் கம்பியையும் பிடுங்குங்கள். அந்த வழியாக வந்த மின்னல் போர்டைத் தின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். பசார் காராட்டிலோ தெரிந்தவரிடமோ பழைய பவர் சப்ளை வாங்கினால் விசிறிச் சல்லடை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். வெதுவெதுப்புக்குப் பல்லி உள்ளே போய்ப் படுக்கும், எறும்பு கூடு வைக்கும். ஒருமுறை பல்லி முட்டையோடு ஒன்று வந்தது, வாங்கியவர் அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்திருந்தார்.

எல்லாம் பார்த்தும் எழவில்லை என்றால் பயாஸ் நினைவை அழியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, வட்ட பேட்டரி சிஆர்2032-ஐ எடுத்து, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து, சில நிமிடம் விட்டு, திரும்பப் போடுங்கள். அந்தப் பேட்டரியையும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். அது 3 வோல்ட் பேட்டரி, 2.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் வேறு மாற்றிவிடுங்கள்.

திரையில் எழுத்து வந்ததும் கைதட்டிவிட்டு மூடியைப் பூட்டாதீர்கள். பயாஸுக்குள் போய் ரேம் வாங்கிய அளவு முழுசாகக் காட்டுகிறதா, டிஸ்க் தெரிகிறதா, சிபியூ சூடு எவ்வளவு என்று பாருங்கள். சும்மா இருக்கும்போதே சூடு 80, 90 என்று ஏறினால் பெரும்பாலும் சிபியூ விசிறியின் அடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை என்று அர்த்தம். உரித்து, பழைய பசையைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பசை வைத்து மாட்டுங்கள். பிறகு அப்படியே ஓடவிட்டு, இரவு அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுங்கள். சூடாக இருக்கும்போது எழுந்து, குளிர்ந்த பிறகு எழாத மெஷின்கள் உண்டு. காலையில் பிளக்கைச் செருகி ஒரே அமுக்கில் எழுந்தால் பக்க மூடியைப் போடலாம். எழவில்லை என்றால் எனக்குப் போன் செய்யும்போது அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: நேற்று எழுந்தது, இன்று எழவில்லை.